பழைய குடும்பப் படங்களைப் போனில் பிரதி எடுப்பது: முழுமையான வழிகாட்டி

வன்னியில் ஒரு வீட்டுக்குப் போய் "பழைய படங்கள் இருக்கா?" என்று கேட்டால் அல்பம் வருவது குறைவு. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி எல்லாவற்றோடும் சேர்த்துச் சொப்பிங் பையில் சுற்றி வைத்த ஐந்தாறு படங்கள்தான் வரும். ஓரம் மடங்கியிருக்கும். இரண்டு மூன்று ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். வேறு பிரதி எங்கும் இருக்காது.

கிளிநொச்சிப் பக்கம் சொந்தக்காரர், அயலவர் என்று பல வீடுகளில் இப்படியான படங்களைப் போனில் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பிறகு சில பிள்ளைகளுக்கும் பழக்கினேன். எல்லோரும் ஒரே இடங்களில்தான் சறுக்கினார்கள். ரியூப் லைற்றுக்குக் கீழே படத்தைக் கையில் பிடித்து, கிட்டப் போய் ஒரு அமத்து, உடனே வட்ஸ்அப். அதை ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெருப்பிக்கக் கேட்டால் முகம் முழுக்கப் புள்ளியும் மங்கலும். போனைக் குறை சொல்ல முடியாது. தரத்தில் பெரும்பகுதி பட்டனை அமத்த முன்னும், அமத்திய பிறகும்தான் போகிறது. அதனால் படிகளைக் கீழே உள்ள ஒழுங்கிலேயே செய்யுங்கள்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணி, மெல்லிய தூரிகை, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி, ஒரு கறுப்புத் துணி, வெள்ளைக் காட்போட் மட்டை ஒன்று, மண்ணிறக் காட்போட் மட்டை ஒன்று, ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் ஒரு பலகைத் துண்டு, அதைத் தாங்க இரண்டு சீமெந்துக் கல், உயரத்தைச் சரிசெய்யப் பழைய அப்பியாசக் கொப்பிகள். வயர் உள்ள இயர்போன் இருந்தால் அதுவும். ஏன் என்று பின்னால் வரும்.

போனில் சார்ஜும் இடமும் இருக்கிறதா என்று வீட்டில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். வேலை நடுவில் "சேமிக்க இடமில்லை" என்று வந்தால் அவசரத்தில் எதையாவது அழிக்கத் தொடங்குவோம்.

2. படத்தைக் கையில் எடுக்கும்போது

கையைக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். படத்தை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். பழைய போட்டோத் தாளில் உருவம் இருப்பது ஜெலற்றின் பூச்சில். வியர்வை பட்டால் அது மென்மையாகும், விரல் ரேகை அப்படியே பதிந்துவிடும்.

தூசியை மெல்லிய, உலர்ந்த தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். கிரவல் வீதியோர வீடுகளின் படங்களில் மணல் பொடியாக இருக்கும், துணியால் தேய்த்தால் கீறும். தண்ணீர், சனிரைசர், எச்சில் எதுவும் வேண்டாம். பூஞ்சணம் பிடித்திருந்தால் அதை விட்டுவிட்டுப் படம் எடுங்கள். துடைக்கப் போனால் பூஞ்சணத்தோடு முகமும் வந்துவிடும்.

ஒட்டியிருப்பதைப் பிரிக்கவே கூடாது. சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிய படம், பசைத் தாள் அல்பத்தில் ஒட்டிய படம் எல்லாவற்றையும் முதலில் இருக்கிறபடியே பிரதி எடுங்கள். பிரிப்பதா இல்லையா என்பதை வீட்டுக்காரர் அதற்குப் பிறகு யோசிக்கட்டும்.

3. போனைத் தயார்படுத்துவது

லென்ஸைத் துடையுங்கள். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நான் பார்த்த மங்கல் படங்களில் பாதிக்கு இதுதான் காரணம். காற்சட்டைப் பையில் இருந்த போன், தலையில் எண்ணெய் வைத்த கை. லென்ஸில் எண்ணெய்ப் படலம் இருந்தால் வெளிச்சமான இடங்களைச் சுற்றிப் புகை மாதிரி வரும், கறுப்பு சாம்பலாகும். உள்ளங்கையில் தேய்க்காமல் கண்ணாடித் துணியால் துடையுங்கள்.

அப்புறம் கமராவுக்குள் போய் இவற்றை நிறுத்துங்கள்: பிளாஷ், அழகுபடுத்தல், பில்ரர், காட்சியைத் தானாக இனங்காணும் ஏஐ வசதி. முகத்தைக் கண்டால் மழுப்புகிற வசதிக்கு அந்த முகம் தாளில் இருக்கிறதா நேரில் இருக்கிறதா என்று தெரியாது. சில போன்கள் கிட்டப் போனதும் தானாகவே மக்ரோவுக்கு, அதாவது அகலக் கோண லென்ஸுக்கு மாறும். அதையும் நிறுத்துங்கள். அந்த லென்ஸ் ஓரங்களை இழுக்கும், கூர்மையும் குறைவு.

படத்தின் அளவை 4:3இல் வையுங்கள். 16:9 என்றோ 'முழுத்திரை' என்றோ வைத்தால் சென்சரின் ஒரு பகுதியை வெட்டி எறிகிறீர்கள். கட்டக் கோடுகளைத் திரையில் போடுங்கள். ஆவணம் ஸ்கான் செய்யும் வசதியைத் தொடாதீர்கள். எழுத்துக்காகச் செய்தது அது. வெள்ளையை இன்னும் வெள்ளையாகவும் கறுப்பை இன்னும் கறுப்பாகவும் ஆக்கி, நடுவில் உள்ள சாம்பல் நிறங்களைத் தின்றுவிடும். முகம் இருப்பதே அந்தச் சாம்பலில்தான்.

4. இடமும் வெளிச்சமும்

எல்லோரும் முற்றத்துக்குத்தான் போவார்கள். "வெளிச்சம் நல்லா இருக்கு" என்பார்கள். நேர் வெயிலில் வைத்தால் படத்தின் சின்னச் சின்ன மடிப்பும் மலை மாதிரித் தெரியும், பளபளப்பான தாள் கண்ணைப் பறிக்கும், சூட்டில் சில நிமிடத்திலேயே தாள் வளையத் தொடங்கும்.

அடுத்தது மரநிழல். மாமரத்துக்குக் கீழே எடுத்தால் இலைகளுக்குள்ளால் வரும் வெளிச்சம் பச்சையாகப் படியும். நீலத் தறப்பாளுக்குக் கீழே எடுத்தால் எல்லோரும் நீலம். செம்மண் முற்றத்துக்குப் பக்கத்து விறாந்தையில் நடுப்பகலில் எடுத்தால், மண்ணில் பட்டு எழும்பும் வெளிச்சம் முகங்களைச் செம்மஞ்சளாக்கும். கண் இதைப் பழகிக்கொள்ளும், நமக்குத் தெரியாது. கமரா பழகாது.

நல்ல இடம் வீட்டுக்குள்தான். ஒரு பெரிய யன்னல், அதற்குள்ளால் நேர் வெயில் விழாத நேரம். கிழக்கு யன்னல் என்றால் பின்னேரம், மேற்கு யன்னல் என்றால் காலை. மாரி மூட்டமாக இருக்கும் நாள் இன்னும் நல்லது. முகில் முழுக்க ஒரு பெரிய விளக்கு மாதிரி வேலை செய்யும், நிழல் மெல்லியதாக விழும்.

அறைக்குள் எரியும் லைற் எல்லாவற்றையும் அணையுங்கள். யன்னல் வெளிச்சமும் பல்ப் வெளிச்சமும் வெவ்வேறு நிறம். இரண்டும் கலந்தால் படத்தின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளுமாக வரும். பிறகு எந்தச் செயலியாலும் அதைச் சரியாக எடுக்க முடியாது.

படத்தை நிலத்திலோ மேசையிலோ மட்டமாகக் கிடத்துங்கள். யன்னல் அதற்குப் பக்கவாட்டில் வரட்டும். பள்ளிக்கூடத்தில் படித்த 'படுகோணமும் தெறிகோணமும் சமம்' இங்கேதான் உதவும். இடப்பக்கத்திலிருந்து சரிவாக வரும் வெளிச்சம் படத்தில் பட்டு வலப்பக்கமாகத் தெறித்துப் போகும். நேர் மேலே இருக்கும் கமராவுக்குள் வராது. தலைக்கு மேலே எரியும் ரியூப் லைற் நேராக இறங்கி நேராகவே ஏறும், அதனால்தான் அது எப்போதும் வெள்ளைக் கோடாக விழுகிறது.

யன்னலுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளை மட்டையை நிமிர்த்தி வையுங்கள். அது கொஞ்ச வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், இரண்டு பக்கமும் ஒரே அளவாகும்.

அடுத்தது கூரை. தகரக் கூரையில் பழைய ஆணி ஓட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றும் பளபளப்பான படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழும். ஒருமுறை ஒரு கலியாணப் படத்தில் மாப்பிள்ளையின் நெற்றியில் ஒரு பொட்டு. திருநீற்றுப் பொட்டு என்றே நினைத்து மூன்று பிரதி எடுத்துவிட்டேன். நாலாவது பிரதியில் பொட்டு கன்னத்துக்கு வந்தபோதுதான் மேலே பார்த்தேன். அன்றிலிருந்து போன் வைக்கும் பலகைக்கு மேலே கறுப்புத் துணியை விரித்துப் போடாமல் எடுப்பதில்லை.

நீங்கள் போட்டிருக்கும் சட்டையும் தெறிக்கும். உதவிக்கு வந்த பிள்ளை பள்ளிக்கூட வெள்ளைச் சீருடையோடு குனிந்து நின்றால் படத்தின் கீழ்ப்பாதி வெளிறிவிடும். கடும் நிறத்தில் உடுத்துங்கள், இல்லையென்றால் ஒதுங்கி நில்லுங்கள்.

5. போனை நிறுத்துவது

கையில் பிடித்து எடுக்க வேண்டாம். நடுக்கம் ஒரு காரணம். சரிவு அதைவிடப் பெரிய காரணம். போன் படத்துக்குச் சமாந்தரமாக இல்லாவிட்டால் சதுரம் சரிவகமாகும், ஒரு ஓரம் கூர்மையாகவும் மற்ற ஓரம் மங்கலாகவும் வரும்.

சீமெந்துக் கல் இரண்டையும் படத்தின் மேல்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் வையுங்கள். யன்னல் இருக்கும் பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல் நிழல் விழுத்தும். கல்லுக்கு மேலே பலகை, பலகையில் போன். லென்ஸ் மட்டும் பலகையின் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். போன் சறுக்காமல் அதன் பின்பக்கத்தில் ஒரு கொப்பியை வையுங்கள்.

இப்போது மட்டம். சில போன்களில் நேர் கீழே பார்க்கும்போது திரையில் இரண்டு கூட்டல் குறி வரும், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் போன் மட்டம். ஆனால் அது போன் மட்டமா என்பதை மட்டும்தான் சொல்லும். நிலம் மட்டமா என்று அதற்குத் தெரியாது. சீமெந்து நிலம் தண்ணீர் வடியச் சரிவாகப் பூசியிருந்தால் கூட்டல் குறி பொருந்தியும் படம் கோணலாகவே வரும்.

அதற்குத்தான் முகம் பார்க்கும் கண்ணாடி. படம் வைக்கப் போகும் இடத்தில் அதைக் கிடத்துங்கள். திரையில் உங்கள் போனின் பிம்பம் தெரியும். அந்தப் பிம்பத்தில் லென்ஸைத் தேடுங்கள். அது திரையின் நட்டநடுவில் வந்தால் கமரா கண்ணாடிக்கு மிகச் சரியாகச் செங்குத்து. ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தால் பலகையின் ஒரு பக்கத்துக்கு ஒரு கொப்பியைக் கொடுத்து உயர்த்துங்கள். பார்க்க வேண்டியது லென்ஸின் நடுவை. போனின் நடுவை வைத்துப் பார்த்துப் பலர் பிழைவிடுவார்கள், லென்ஸ் மூலையில் அல்லவா இருக்கிறது. சரி வந்ததும் கண்ணாடியை எடுத்துவிட்டுப் படத்தை வையுங்கள். ஒருமுறை சரிசெய்தால் அன்றைக்கு முழுக்கப் போதும், யாரும் கல்லைத் தட்டாதவரை.

6. எவ்வளவு உயரம்

'கிட்டப் போனால் தெளிவு' என்பது பிழை. போனின் பிரதான லென்ஸே அகலக் கோணம்தான். கிட்டப் போகப் போக ஓரம் வளையும், போனின் சொந்த நிழலும் படத்தில் விழும்.

48 அல்லது 50 மெகாபிக்சல் போன் என்றால் இரண்டு மடங்கு சூமில் வையுங்கள். 6×4 அங்குலப் படத்துக்கு ஓரடி உயரம் கணக்காக இருக்கும். 12 அல்லது 13 மெகாபிக்சல் மட்டும் உள்ள போனில், சூமுக்கென்று தனி லென்ஸ் இல்லாவிட்டால், சூமைத் தொடாதீர்கள். அது வெட்டிப் பெருப்பிப்பதுதான். ஒரு மடங்கிலேயே வைத்து, படம் திரையில் பாதிக்குக் கொஞ்சம் கூட வரும் உயரத்தில் எடுங்கள்.

போதுமா என்று பயப்பட வேண்டாம். 12 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 4000×3000 பிக்சல். நீளத்தில் பாதி என்றாலும் 2000. 6 அங்குலத்துக்கு 2000 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 333. நல்ல அச்சுக்கு 300 போதும், அதே அளவில் திரும்ப அச்சடிக்கலாம்.

ஆனால் கடவுச்சீட்டு அளவுப் படத்தைச் சுவரில் மாட்டப் பெருப்பிக்கப் போகிறார்கள் என்றால் கதை வேறு. ஏ4 அளவுக்கு 3508×2480 பிக்சல் வேண்டும். அதற்கு முழு 50 மெகாபிக்சல் வசதியைப் போட்டு, போன் கூர்மையாகப் பிடிக்கும் மிகக் குறைந்த உயரத்தில் எடுங்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் ஒரே படம் அந்தச் சின்னத் துண்டுதான் என்று கொண்டுவருபவர்கள் இங்கே நிறையப் பேர். அப்படியான படத்துக்கு ஒரு மணித்தியாலம் போனாலும் பரவாயில்லை.

7. எடுப்பது

படத்துக்குக் கீழே மண்ணிற மட்டையை வையுங்கள். கமரா பார்க்கும் எல்லாவற்றையும் சராசரியாக நடுச்சாம்பலாக்கத்தான் முயலும். வெள்ளைச் சீலைமேல் வைத்தால் படம் இருளும், கறுப்புத் துணிமேல் வைத்தால் வெளிறும். மண்ணிறம் இரண்டுக்கும் நடுவில்.

முகம் இருக்கும் இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கூர்மையும் வெளிச்ச அளவும் பூட்டப்படும். பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். வெள்ளைச் சேலையில் கரையும் மடிப்பும் தெரியும்வரை இழுத்தால் சரி. இருண்ட இடத்தைப் பிறகு வெளிச்சமாக்கலாம். வெளிறிப்போன இடத்தில் எடுக்க ஒன்றுமில்லை.

ரைமரை இரண்டு மூன்று செக்கனில் வையுங்கள், திரையைத் தொட்ட அதிர்வு அதற்குள் அடங்கும். இயர்போன் செருகினால் பல போன்களில் அதன் ஒலிக்கூட்டும் பட்டனே படம் எடுக்கும். ஒவ்வொன்றையும் மூன்று தரம் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்ரூடியோ முத்திரை, திகதி, யாரோ பென்சிலால் எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

8. படத்தைத் திருப்பிக் கொடுக்க முன்

அங்கேயே கலரியைத் திறந்து கண்வரை பெருப்பித்துப் பாருங்கள். பிறகு நாலு மூலை. கண் கூர்மையாகவும் மூலைகள் மங்கலாகவும் இருந்தால் தாள் வளைந்திருக்கிறது. சட்டத்திலிருந்து கழற்றிய சுத்தமான கண்ணாடியை மேலே வைத்து மெதுவாக மட்டமாக்கி இன்னொன்று எடுங்கள். தாள் மொறுமொறுவென்று காய்ந்திருந்தால் அழுத்த வேண்டாம், பூச்சு வெடிக்கும்.

"வீட்டை போய்ப் பாப்பம்" என்று வந்தவர்கள் திரும்பவும் அந்த வீட்டுக்குப் பஸ் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். நானும் ஏறியிருக்கிறேன், மல்லாவிக்கு.

9. அடம்பிடிக்கும் படங்கள்

லமினேற் செய்தவை: இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் நனையாமல் இருக்கச் செய்தது, இப்போது பிளாஸ்ரிக் அலை அலையாக வளைந்து எங்கிருந்தும் மினுங்கும். கூகுளின் போட்டோஸ்கான் செயலி இதற்கு உதவும். ஒரே படத்தைப் பல இடங்களிலிருந்து எடுத்து மினுக்கம் இல்லாத பகுதிகளைச் சேர்த்துத் தரும். நுணுக்கம் நேரே எடுத்ததைவிடக் குறைவு என்பது என் அனுபவம். அதனால் இதை வேறு வழியில்லாதபோதே பாவிக்கிறேன்.

சொரசொரப்பான தாள், அந்தக் கால ஸ்ரூடியோக்கள் விரும்பிப் போட்டது: ஒரு பக்க வெளிச்சத்தில் ஒவ்வொரு புள்ளியும் நிழல் விழுத்தும். வெள்ளை மட்டையை நன்றாகக் கிட்டக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் சமமாக்கினால் அடங்கும்.

சுவரில் மாட்டிய சட்டம்: இறக்க விடமாட்டார்கள் என்றால் கறுப்புத் துணியைத் தலைக்கு மேலே பிடித்து அதன் மறைவிலிருந்து எடுங்கள். மாலையையும் மின்விளக்குச் சரத்தையும் கழற்றலாமா என்று கேட்டுவிட்டுக் கழற்றுங்கள்.

10. திருத்துவது

மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். ஒரு பிரதியில் வெட்டுங்கள், வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள், போதும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறப்படிவு இருந்தால் நிறச்செறிவை முழுக்கக் குறைக்கலாம், ஆனால் பழுப்பேறியதை அப்படியே விரும்புபவர்களும் உண்டு. கேளுங்கள்.

முகத்தை 'தெளிவாக்கும்' ஏஐ செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மங்கலான முகத்தில் இல்லாத கண்ணை அவை ஊகித்து வரைகின்றன. ஒரு அம்மா அப்படிச் செய்த படத்தைப் பார்த்து, "வடிவாத்தான் இருக்கு. ஆனா இது என்ர மகன் இல்லை" என்றார். மங்கலோடேயே கொடுங்கள்.

11. அனுப்புவது

இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருங்கும். நாலு எம்பி படம் சில நூறு கேபி ஆகும். எச்டி என்று அமத்தினால் கொஞ்சம் பரவாயில்லை, அதுவும் சுருக்கியதுதான். இணைப்புக் குறியை அமத்தி, 'ஆவணம்' என்பதைத் தெரிவுசெய்து, அங்கிருந்து படத்தை எடுத்து அனுப்புங்கள். ஒரு பிக்சலும் குறையாது. திரையைப் படம்பிடித்து அனுப்புவது மிக மோசம்.

ஆவணமாக அனுப்பும்போது எடுத்த இடமும் கோப்புக்குள் போகும். அது வேண்டாம் என்றால் தொடங்க முன்பே கமராவில் இருப்பிடப் பதிவை நிறுத்துங்கள். வீட்டுக்காரரைக் கேட்காமல் எங்கும் போடுவதில்லை என்பதையும் முதலே சொல்லிவிடுங்கள்.

12. பெயரிடுவதும் சேமிப்பதும்

அன்றிரவே செய்யுங்கள், மறுநாள் எந்தப் படம் எந்த வீடு என்று மறந்துபோகும். ஆண்டு, இடம், நிகழ்வு, எண் என்ற ஒழுங்கில் பெயர் கொடுங்கள்: '1987 பரந்தன் கலியாணம் 02'. ஆண்டை முதலில் வைத்தால் கோப்புகள் தானாகவே வரிசையாக நிற்கும்.

இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒன்று பென் டிரைவ், மற்றது இணையக் கணக்கு. கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம். சேமிப்புத் தரத்தில் 'மூலத் தரம்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள், மற்றது சுருக்கிவிடும்.

படத்தில் இருப்பவர்களை மூத்தவர்கள் சொல்லச் சொல்லப் போனில் குரலைப் பதியுங்கள். எழுதினால் பாதி தவறும். இடமிருந்து வலமாக ஒவ்வொருவராகக் கேளுங்கள். தெரியாதவரை வெறுமையாக விடாமல் 'பின்வரிசை, இடமிருந்து 3, தெரியாது' என்று குறியுங்கள். அடுத்த வீட்டில் அதே ஆளின் இன்னொரு படம் இருக்கலாம். பின்பக்கத்தில் குமிழ்முனைப் பேனாவால் எழுதாதீர்கள், அது முன்பக்கம் புடைக்கும்.

கடைசியாகப் படங்களை எண்ணிப் பாருங்கள். வாங்கியபோது எத்தனையோ அத்தனையும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாள் வைத்துக் கடித உறையில் போட்டுக் கொடுங்கள். சொப்பிங் பைக்குள் திரும்ப வைக்க வேண்டாம், ஈரம் உள்ளே நின்று திரும்பவும் ஒட்டும்.